தொப்புளும் வாய்க்காலும்

1810இல் பிறந்து 1888இல் மறைந்த, ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுள்ள இயற்கையியலாளர் யார் என்று கேட்டால் இரண்டு விடைகள் உண்டு. ஒருவர் இங்கிலாந்தின் பிலிப் ஹென்றி கொஸ். மற்றவர் அமெரிக்காவின் ஆசா கிரே. கொஸ் ஏப்ரலில் பிறந்து ஆகஸ்டில் இறந்தார். கிரே நவம்பரில் பிறந்து ஜனவரியில் இறந்தார். இருவருக்கும் திருமணம் நடந்ததும் ஒரே ஆண்டில்தான், 1848இல். இவையெல்லாம் தற்செயல், இவற்றை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. இன்னோர் ஒற்றுமை மட்டும் தற்செயல் அன்று. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' அச்சேறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1857இல், அதன் மையக் கருத்து இந்த இருவர் காதுக்கும் எட்டிவிட்டது.

கொஸ்ஸுக்கு அது வாய்மொழியாக வந்தது. அந்தக் கோடையில் ராயல் சொசைட்டிக் கூட்டங்கள் முடிந்த பின் முதலில் தாவரவியலாளர் ஹூக்கரும் பிறகு டார்வினும் அவரிடம் பேசிப் பார்த்தார்கள் என்று மகன் எட்மண்ட் கொஸ் 1907இல் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' நூலில் எழுதுகிறார். அனுபவமும் நிதானமும் உள்ள சில இயற்கையியலாளர்களை முன்கூட்டியே தயார்செய்து வைப்பது நோக்கமாம். கிரேக்கு அது கடிதமாக வந்தது. 1857 செப்டம்பர் 5 தேதியிட்ட அந்தக் கடிதத்தில் டார்வின் தம் கொள்கையைச் சுருக்கிக் கொடுத்து, வெளியில் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு, அதே கருத்தைத் தாமாகவே எட்டியிருந்த வாலஸின் கட்டுரை வந்து டார்வினைத் திடுக்கிட வைத்தபோது, 1858 ஜூலை 1 அன்று லின்னேயன் சொசைட்டியில் படிக்கப்பட்டவற்றுள் அந்தக் கடிதத்தின் பகுதியும் இருந்தது. கொஸ் கேட்ட பேச்சுக்கு மகனின் நினைவைத் தவிர வேறு தடயமில்லை. கிரே பெற்ற கடிதமோ டார்வினின் முன்னுரிமைக்கே சான்றாயிற்று.

இருவரையும் 'பழமைவாதி', 'முற்போக்காளர்' என்று இரண்டு கூடைகளில் போட்டுவிடுவது எளிது. அப்படிப் போட்டால் கொஸ்ஸின் கண்களை மறந்துவிடுவோம். கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு வைத்துப் பார்க்கும் பழக்கத்தை விக்டோரிய இங்கிலாந்துக்குப் பரப்பியவர் அவர். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் திறந்த முதல் பொது மீன்காட்சியகத்தின் பின்னால் அவர் உழைப்பு இருந்தது. ஜமைக்காவின் பறவைகள், டெவன் கரையோரக் கடற்சாமந்திகள் என்று அவர் தொட்டதெல்லாம் நேரில் பார்த்து, தாமே வரைந்து எழுதியவை. கிரேயின் கண்களும் அதே கூர்மை கொண்டவை. ஆனால் அவை பெரும்பாலும் பதிந்திருந்தது உலர்தாவரத் தாள்களில். ஹார்வர்டில் அமர்ந்தபடி, பிறர் கண்டம் கண்டமாகச் சேகரித்து அனுப்பிய செடிகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டவர் அவர். பாறைக் குட்டைக்குள் குனிந்தவருக்கு ஓர் உயிரின் முழு வாழ்க்கைச் சுற்று தெரிந்தது. தாள்களைப் புரட்டியவருக்கு ஓர் இனத்தின் பரவல் தெரிந்தது. பின்னால் இவர்கள் செய்த சமரசங்கள் இரண்டும் இந்தப் பார்வைப் பழக்கங்களிலிருந்தே கிளைத்தன என்பது என் எண்ணம்.

டார்வினின் கருத்தைக் கேட்ட 1857ஆம் ஆண்டு முடிவதற்குள்ளேயே கொஸ்ஸின் விடை வந்தது. தொப்புள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையே தலைப்பாக்கி, 'ஓம்ஃபலோஸ்' என்ற நூலை வெளியிட்டார். டார்வினுக்கு மறுப்பாக அன்று, நிலவியலாளர்கள் போட்ட முடிச்சை அவிழ்க்கும் முயற்சியாகவே அதை அறிமுகப்படுத்தினார். நூல் ஒரு நீதிமன்ற வழக்கைப் போல நடக்கிறது. பூமி மிகப் பழையது என்பதற்கான சாட்சிகள் முதலில் வருகின்றன. அவற்றை அவர் மழுப்பவில்லை, நேர்மையாக, விரிவாகவே பேசவிடுகிறார். அதன் பிறகுதான் குறுக்கு விசாரணை.

அந்த விசாரணையில் வந்து நிற்கும் ஒரு மரப்பெரணியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அதன் தண்டு முழுவதும் நீள்வட்டத் தழும்புகள். ஒவ்வொரு தழும்பும் ஒருகாலத்தில் அங்கே ஓர் இலை இருந்து, முதிர்ந்து, உதிர்ந்ததற்கு அடையாளம். தாவரம் அறிந்த எவரும் அவற்றைப் பார்த்து இதன் வயது இத்தனை ஆண்டு என்று தயங்காமல் சொல்வார். ஆனால் இந்தப் பெரணி இந்தக் கணம்தான் கடவுளால் படைக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் கொஸ். தழும்பில்லாத தண்டு பெரணித் தண்டே அன்று. எனவே தழும்புகள் இருந்தே ஆக வேண்டும். அவை சுட்டும் இலைகளோ ஒருபோதும் காற்றில் அசைந்ததில்லை. சரி, முதிர்ந்த மரத்துக்குப் பதில் விதையாகவோ வித்தாகவோ படைத்திருக்கலாமே என்றால், விதைக்குப் பின்னாலும் ஒரு தாய்மரம் நிற்கிறது. பசுவுக்குப் பின்னால் கரு, கருவுக்குப் பின்னால் பசு. உயிர் என்பது ஒரு வட்டம். வட்டத்தை எந்தப் புள்ளியில் தொடங்கினாலும் அதற்கு முந்தைய புள்ளி ஒன்று இருந்தது போலத்தான் தோன்றும். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்குத் தொப்புள் இருந்தது இப்படித்தான். ஆதாமுக்குத் தொப்புள் வரைந்த ஓவியர்களை ஆங்கில எழுத்தாளர் தாமஸ் பிரவுன் 1646இலேயே கண்டித்திருந்தார். கொஸ் ஓவியர்கள் பக்கம் நின்றார்.

கிரேயின் விடை மெதுவாக, துண்டு துண்டாக வந்தது. முதலில் செடிகள். ஜப்பானில் சேகரித்த தாவரங்களை ஆராய்ந்தபோது, மக்னோலியா, ஜின்செங் போன்ற பல பேரினங்கள் கிழக்காசியாவிலும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் இருப்பதையும், இடைப்பட்ட மேற்கு அமெரிக்காவில் அவை காணாமல் போவதையும் அவர் கண்டார். ஒருகாலத்தில் வடக்கே ஒன்றாகப் பரவியிருந்த ஒரே தாவரக்கூட்டத்தைப் பனியுகம் பிளந்து தெற்கே தள்ளியது என்பது 1859இல் அவர் சொன்ன விளக்கம். ஒவ்வோர் இனமும் இன்று இருக்கும் இடத்திலேயே தனித்தனியாகப் படைக்கப்பட்டது என்று வாதிட்ட தம் ஹார்வர்டு சகா லூயி அகாசியோடு அதே ஆண்டின் தொடக்கத்தில் அவர் பொதுக்கூட்டத்திலேயே வாதிட்டார். பிறகுதான் இறையியல். 1860இல் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் மூன்று கட்டுரைகள். வேறோர் இதழில் டார்வினைப் படித்த இரு வாசகர்கள் உரையாடுவதுபோல் ஒன்று. கொஸ் வழக்காடினார், கிரே உரையாடினார். முன்னவருக்குத் தீர்ப்பு வேண்டும். பின்னவர் வழக்கை ஒத்திவைக்கவும் தயார்.

கிரேயின் மைய உருவகம் நீர். சரிவான சமவெளியில் ஓடும் நீர் புவியீர்ப்பு விதிப்படிதான் ஓடுகிறது, தன் தடத்தைத் தானே அரித்துக்கொள்கிறது. ஆனாலும் அந்தத் தடங்கள் பயிருக்குப் பாயும் பாசன வாய்க்கால்களாக அமைந்திருப்பதைக் கண்டால், யாரோ திட்டமிட்டிருக்கிறார்கள் என்று எண்ணுவதில் தவறில்லை. அதுபோல, உயிரினங்களில் தோன்றும் மாறுபாடுகளும் நன்மை பயக்கும் திசைகளில் செலுத்தப்பட்டிருக்கலாம் என்று கொள்ளும்படி அவர் டார்வினுக்கு ஆலோசனை சொன்னார். மாறுபாடு எதனால் உண்டாகிறது என்பது அப்போது டார்வின் உட்பட எவருக்கும் தெரியாது. அந்த இடத்தில் கிரே கடவுளின் கையை வைத்தார்.

ஒருவருக்கு வட்டம், மற்றவருக்கு வாய்க்கால். வட்டத்தில் இனம் தன்னிடமே திரும்பி வருகிறது. அதனால்தான் கொஸ்ஸின் வாதத்துக்கு இனங்கள் மாறாதவை என்ற அடிப்படை தேவைப்பட்டது. வாய்க்காலில் நீர் புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதில்லை. அதனால் கிரேயால் மாற்றத்தை அச்சமின்றி ஏற்க முடிந்தது. கொஸ்ஸின் நூலில் பலவீனமான தாவல் எதுவென்றால், உயிர்களின் வட்டத்திலிருந்து பூமியின் வரலாற்றுக்கு அவர் தாவும் இடம்தான். பெரணிக்குச் சுற்று உண்டு என்பதால் பாறை அடுக்குகளுக்கும் உண்டு என்று ஆகிவிடாது. அவரும் அங்கே ஒப்புமையைத்தான் நம்பியிருக்கிறார். ஆனால் அதுவரை அவர் நடந்து வந்த பாதையில், ஏளனம் செய்தவர்கள் நினைத்ததுபோல் ஓட்டைகள் இல்லை.

இனி எதிர்பாராத உறவுக்கு வருவோம். இவ்விரண்டு சமரசங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவை ஒரே வேலையைச் செய்வது தெரியும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியும் சான்றுகள் அனைத்தையும் அறிவியலுக்குக் கொடுத்துவிடுகின்றன. புதைபடிவங்கள் போலி என்று கொஸ் சொல்லவில்லை. நிலவியலாளர் தம் அடுக்குகளை இதுவரை எண்ணியதுபோலவே எண்ணிக்கொண்டு போகலாம், உண்மையில் கழிந்த காலமாக அதைக் கொள்ளாதிருந்தால் போதும் என்றார். இயற்கைத் தேர்வு பொய் என்று கிரேயும் சொல்லவில்லை. தாவரவியலாளர் தம் பரவல் வரைபடத்தை வரைந்துகொண்டு போகலாம், அதற்குப் பின்னால் நோக்கமே இல்லை என்று முடிவுகட்டாதிருந்தால் போதும் என்றார். எந்தத் தோண்டலும் எட்டாத கடந்த காலத்தில் கடவுளைக் காத்தார் ஒருவர். எந்த உருப்பெருக்கியும் காட்டாத காரணத்தில் காத்தார் மற்றவர். இரண்டையும் மெய்ப்பிக்க முடியாது. இரண்டையும் பொய்ப்பிக்கவும் முடியாது. தர்க்க அமைப்பில் இவர்கள் உடன்பிறந்தவர்கள்.

அப்படியானால் ஒருவர் நகைப்புக்கும் மற்றவர் மதிப்புக்கும் உரியவரானது ஏன்? முதல் காரணம், எதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதில் இருக்கிறது. கொஸ் பிளைமவுத் சகோதரர் சபையார். ஆதியாகமத்தின் ஆறு நாள்களும் கர்த்தரின் இரண்டாம் வருகையும் அவருக்கு ஒரே சரட்டில் கோத்தவை. ஒரு முனையில் நூல் அறுந்தால் மறுமுனை மணிகளும் சிதறும். 'ஓம்ஃபலோஸ்' வெளிவந்த அதே 1857ஆம் ஆண்டு பிப்ரவரியில் மனைவி எமிலியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர் என்பதையும், உயிர்த்தெழுதல் அவருக்கு வெறும் கோட்பாடாக இருந்திருக்க முடியாது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கிரே தம்மை அறிவியலில் தம் பாணியிலான டார்வினியர் என்றும், மதத்தில் நிசேயா விசுவாசப்பிரமாணத்தை ஏற்பவர் என்றும் 1876இல் அடையாளப்படுத்திக்கொண்டார். அந்தப் பிரமாணம் வானத்தையும் பூமியையும் படைத்தவர் யார் என்று சொல்கிறது. எத்தனை நாளில், எந்த முறையில் என்று சொல்வதில்லை. கொஸ் பாதுகாக்க வேண்டியது ஒரு கால அட்டவணை. கிரேக்கு அந்தச் சுமை இல்லை. ஆகவே கிரேயின் துணிச்சலைப் புகழ்வதற்கு முன் அவர் தோளில் இருந்த பாரம் குறைவு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

(இடையே ஒரு செய்தி. மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்று வாதிட்டவர் அகாசி. அடிமை முறையை ஆதரித்தவர்களுக்கு அந்த வாதம் இனித்தது. ஆதாம் ஒருவரே என்று நம்பிய கொஸ்ஸும், பொது மூதாதையைக் கற்பிக்கும் கொள்கையை ஏற்ற கிரேயும் இந்த ஒரு கேள்வியில் அகாசிக்கு எதிரே ஒன்றாக நிற்கிறார்கள். வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்பியவரும் டார்வினை ஏற்றவரும் அறியாமலே தோழர்களாகும் இடம் இது.)

இரண்டாவது காரணம் இன்னும் சுவையானது. இரு சமரசங்களின்மேலும் விழுந்த மிகக் கடுமையான அடி, அறிவியலிலிருந்து விழவில்லை.

கொஸ்ஸை அடித்தவர் ஒரு பாதிரியார். சார்லஸ் கிங்ஸ்லி அவருடைய நண்பர். 1855இல் எழுதிய 'கிளாக்கஸ்' என்ற கடற்கரை நூலில் கொஸ்ஸை மனமாரப் புகழ்ந்தவர். 'ஓம்ஃபலோஸ்' நூலுக்கு மதிப்புரை எழுத மறுத்த அவர், கடவுள் பாறைகளில் தேவையற்ற பெரும் பொய் ஒன்றை எழுதி வைத்தார் என்று தம்மால் நம்ப முடியாது என்று கொஸ்ஸுக்கே எழுதிவிட்டார். கிங்ஸ்லிக்கு உறுத்தியது பூமியின் வயது அன்று, கடவுளின் வாய்மை. இதில் கொஸ்ஸுக்கு ஓர் அநீதியும் கலந்திருக்கிறது. நிலவியலாளர்களை அவிசுவாசத்துக்குத் தூண்டக் கடவுள் புதைபடிவங்களைப் பாறைகளில் ஒளித்து வைத்தார் என்று பத்திரிகைகள் அவர் வாயில் திணித்த வாக்கியத்தை அவர் எழுதவே இல்லை. வட்டத்தை எங்கே தொடங்கினாலும் முந்தைய தடயம் தவிர்க்க முடியாதது, ஆகவே அதில் ஏமாற்று இல்லை என்பதே அவர் வாதம். ஆனால் வாசகர்களுக்கு எஞ்சியது ஒன்றுதான்: வாழாத விலங்கின் எலும்பு. நூலின் பிரதிகள் விற்காமல் தேங்கின.

கிரேயை அடித்தவர் டார்வினேதான். 1860 மே மாதக் கடிதத்தில், உயிரோடிருக்கும் கம்பளிப்புழுவின் உடலைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளை, கருணையுள்ள, எல்லாம் வல்ல கடவுள் திட்டமிட்டுப் படைத்தார் என்று தம்மால் எண்ண இயலவில்லை என்று அவர் கிரேக்கு எழுதினார். டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் கேள்வி இன்னும் இறுகியது. செங்குத்துப் பாறையிலிருந்து உதிர்ந்த கற்களைக் கொண்டு ஒருவன் வீடு கட்டுகிறான். அந்த வீட்டுக்காகவே ஒவ்வொரு கல்லும் அந்த வடிவத்தில் உடையக் கடவுள் விதித்தாரா? மாறுபாடுகள் செலுத்தப்பட்டவை என்றால், மனிதன் வேடிக்கைக்காக வளர்க்கும் விசித்திரப் புறாக்களுக்கும், காளையைக் கவ்விப் பிடிக்கும் முரட்டு நாய்க்கும் வேண்டிய மாறுபாடுகளையும் அவர்தான் செலுத்தினாரா? கிரேயின் பெயரைச் சொல்லியே, அவரைப் பின்பற்ற முடியவில்லை என்று டார்வின் எழுதினார்.

இடங்கள் மாறியிருப்பதைக் கவனியுங்கள். பழமையைக் காத்தவரைப் பாதிரியார் கண்டித்தார், கடவுள் பொய்யர் ஆகிவிடுவார் என்பதற்காக. புதுமையை ஏற்றவரை டார்வின் கண்டித்தார், கடவுள் கொடியவர் ஆகிவிடுவார் என்பதற்காக. நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் இடையிலான சண்டை என்று நாம் வழக்கமாகப் பேசும் இந்த இடத்தில், இரு தரப்பும் உண்மையில் வாதிட்டது கடவுளின் குணத்தைப் பற்றி. அதே கிங்ஸ்லி 1859இல் டார்வினின் நூலை மகிழ்ச்சியோடு வரவேற்றுக் கடிதம் எழுதினார் என்பதும், பெயர் சொல்லாமல் அதை டார்வின் தம் இரண்டாம் பதிப்பில் எடுத்தாண்டார் என்பதும் இந்தக் கதைக்குப் பொருத்தமானவையே.

அடிபட்ட பிறகு இருவரும் நடந்துகொண்ட விதத்தில்தான் நான் கிரே பக்கம் சாய்கிறேன். கொஸ்ஸின் கோட்பாட்டுக்கு வளர இடமில்லை; அதை முழுதாக ஏற்கலாம் அல்லது விடலாம். புதிய புதைபடிவம் எது கிடைத்தாலும் அதே விடைதான். கிரேயோ டார்வினின் எதிர்ப்பையே கருவியாக்கினார். இயற்கையின் விரயமும் தோல்வியும், இயற்கையில் கடவுளின் திட்டத்தைக் காணும் பழைய வாதத்துக்குத் தீராத தலைவலி. டார்வினின் பார்வையில் அவை ஒட்டுமொத்த இயக்கத்தின் பகுதி, போட்டியில்லாமல் முன்னேற்றமில்லை என்று பின்னாளில் வாதிட்டார். 1874இல் 'நேச்சர்' இதழில், இயற்கையியலுக்கு நோக்கம் என்ற கருத்தை டார்வின் திரும்பக் கொண்டுவந்தார் என்று எழுதியபோது டார்வினுக்கே அது பிடித்திருந்தது. குளவிக்கு முழு விடை அதில் இல்லைதான். ஆனால் கேள்வியோடு சேர்ந்து அந்த விடை நகர்ந்தது.

டார்வின் தமக்கு ஒவ்வாத வாதத்தையும் எப்படி மதித்தார் என்பதற்கு ஒரு சான்று: 'அட்லாண்டிக்' கட்டுரைகள் 1861இல் சிறுநூலாக வெளிவர உதவி, அதை இங்கிலாந்தில் பரப்பினார். 1877இல் மலர்களின் வடிவங்கள் பற்றிய நூலைக் கிரேக்கு அர்ப்பணித்தார். கொஸ்ஸோடும் உறவு அறுந்துவிடவில்லை. 1863இல் கொஸ் தாம் வளர்த்த ஆர்க்கிட் மலர்களின் மகரந்தச் சேர்க்கை பற்றி டார்வினிடம் ஐயம் கேட்டு எழுத, அவரும் விடை எழுதினார். கொஸ் தொடர்ந்து உழைத்தார், சி. டி. ஹட்சனோடு சேர்ந்து எழுதிய சக்கர உயிரிகள் பற்றிய பெருநூல் 1886இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 76.

பின்னாளில் இவ்விரு வாதங்களுக்கும் கிடைத்த வாரிசுகளும் எதிர்பார்த்தபடி அமையவில்லை. உலகம் ஐந்து நிமிடங்களுக்கு முன் நம் நினைவுகளோடு சேர்ந்தே தோன்றியது என்பதைத் தர்க்கத்தால் மறுக்க முடியாது என்று தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1921இல் எழுதியபோது கொஸ்ஸின் எலும்புக்கூடு அதில் தெரிந்தது. எழுத்தாளர் போர்ஹெஸ் கொஸ்ஸைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இளம்பூமிப் படைப்புவாதிகள் சிலர், தொலைதூர விண்மீன்களின் ஒளி வழியிலேயே படைக்கப்பட்டது என்று சொல்லும்போதும் பேசுவது கொஸ்தான், பெயர் மட்டும் அவருடையது அன்று. பரிணாமத்தைக் கடவுளின் படைப்பு முறையாகக் கொள்ளும் கிறிஸ்தவர் பலரும் கிரேயின் வழியில் நடப்பவர்களே. ஆனால் அவர் வெட்டிய வாய்க்கால் அவர்களுக்குப் பயன்படவில்லை. மரபணு மாற்றம் உயிரியின் தேவையை நோக்கி நிகழ்வதில்லை என்பது 20ஆம் நூற்றாண்டு உயிரியலின் அடிப்படைகளுள் ஒன்றாகிவிட்டது.

மரபியலாளர் தியடோசியஸ் டாப்ஜான்ஸ்கி 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்த இரண்டு இழைகளும் சந்திக்கின்றன. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் வளர்ந்த அவர், தம்மைப் படைப்பை ஏற்பவர் என்றும் பரிணாமத்தை ஏற்பவர் என்றும் ஒருசேர அழைத்துக்கொண்டார். அங்கே கொஸ் பெயரோடு இழுத்துவரப்பட்டு, கடவுளை ஏமாற்றுக்காரர் ஆக்கும் தெய்வநிந்தனைக்காகக் கண்டிக்கப்படுகிறார்; கொஸ் சொல்லாத உள்நோக்கம் மறுபடியும் அவர் தலையில் கட்டப்படுகிறது. அதோடு டாப்ஜான்ஸ்கி நிற்கவில்லை. எண்ணற்ற இனங்களைத் தனித்தனியே படைத்துவிட்டு அவற்றில் பெரும்பாலானவற்றை அழியவிடுவது எவ்வளவு பொருளற்ற செயலாக இருந்திருக்கும் என்று கேட்கிறார். சில கரீபியத் தீவுகளில் நில நண்டுகளின் உடலில் மட்டும் வாழும் பழ ஈக்களைக் காட்டி, படைத்தவர் அப்போது விளையாட்டு மனநிலையில் இருந்தாரா என்கிறார். பரிணாமத்துக்குச் சான்று தேடிக் கிளம்பிய ஒரு மரபியலாளர், வேதம் அறிந்த கிங்ஸ்லியைப் போலவே, கடவுள் இப்படிச் செய்திருக்க மாட்டார் என்பதையே தம் வாதங்களில் ஒன்றாக முன்வைத்தார்.